சோர்வு நீங்கிய பின்னும் முடியாத வேலைகள்

மீள்குடியேறிய கிராமங்களில் நாம் வீடு வீடாகச் செல்லும்போது சில வளவுகள் எமது கண்ணில் படுவதுண்டு. வேலி மூன்று பக்கம் அடைத்திருக்கும். நான்காம் பக்கத்தில் கதியால் மட்டும் நட்டபடி நிற்கும். கிணற்றடியில் பாதி கட்டிய தொட்டி இருக்கும். தோட்டத்தில் ஆறு பாத்தியில் வெங்காயம் நட்டிருக்கும்; மற்ற ஆறு பாத்தியும் கொத்திய கையோடு விடப்பட்டுப் புல் மூடிக் கிடக்கும். மிச்ச விதை வெங்காயம் சாக்கிலேயே முளைத்துப் போயிருக்கும். "அவன் தொடங்குவான், முடிக்கமாட்டான்" என்று அயலவர் சொல்வார்கள். "நிவாரணத்தில் பழகின உடம்பு" என்று சொல்பவர்களும் உண்டு. இந்தக் கடைசிப் பேச்சை நாமும் ஒரு காலத்தில் நம்பினோம் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

அப்படியான ஒரு வளவுக்காரரைப் பற்றியே இங்கு எழுதுகிறோம். அவர் உண்மையில் ஒருவர் அல்லர். பல குடும்பங்களில் நாம் கண்டதையும் கேட்டதையும் ஒருவர் மேல் ஏற்றிச் சொல்கிறோம். எவரையும் அடையாளம் காட்டக்கூடாது என்பதே காரணம்.

அவர் 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து பெற்றோருடன் வெளிக்கிட்டபோது வயது ஒன்பது. 1995 ஒக்டோபரில் தென்மராட்சிக்கும், பிறகு வன்னிக்கும் போனார்கள். வன்னியில் கலியாணம். 2009இல் மெனிக் பாம். அதன்பின் சில வருடம் உறவினர் காணியில் இருந்து, தகப்பனின் காணி விடுபட்டதும் திரும்பி வந்தார். வந்த புதிதில் நன்றாகத்தான் வேலை செய்தார். ஆனால் ஒரு மாரியோடு ஆள் விழுந்துவிட்டார். விடியப்புறம் மூன்று மணிக்கு விழிப்பார். பிறகு நித்திரை வராது. சாப்பாடு இறங்காது. பிள்ளைகளுடன் பேச்சில்லை. "நான் இல்லாவிட்டால் உங்களுக்கு நல்லது" என்று ஒரு நாள் மனைவியிடம் சொல்லிவிட்டார். அந்தச் சொல்லைக் கேட்ட மனைவி அடுத்த நாளே அவரை ஆஸ்பத்திரி மனநலக் கிளினிக்குக் கூட்டிப் போனார். ஊர் என்ன சொல்லும் என்று அவர் யோசித்துக்கொண்டு நிற்கவில்லை. இந்த வரலாற்றில் மிகத் துணிவான காரியம் எதுவென்று எம்மைக் கேட்டால் அதைத்தான் சொல்வோம்.

வைத்தியர் அதை மனச்சோர்வு நோய் என்று அடையாளம் கண்டு புளூஒக்செற்றீன் எழுதினார். முதல் பத்து நாளில் வயிற்றுப் பிரட்டலும் தலையிடியும்தான் மிச்சம். இந்த மருந்துகள் வேலை செய்யத் தொடங்க இரண்டு முதல் நான்கு கிழமை வரை செல்லும். முழுப் பலனுக்கு அதைவிடக் கூடுதலான காலம் எடுக்கும். "குடிச்சுப் பார்த்தன், ஒண்டும் இல்லை" என்று ஐந்தாம் நாள் நிறுத்துபவர்களே எமது பகுதியில் அதிகம். இவர் நிறுத்தவில்லை, மனைவி விடவில்லை. இரண்டு மாதத்தில் நித்திரை வந்தது. சாவதைப் பற்றிய நினைவு போனது. மகளின் பூப்புனித நீராட்டு விழாவில் ஆள் சிரித்தாராம்.

ஆனால் அந்த ஆறு பாத்தியும் அப்படியே கிடந்தன.

"எப்ப தொடக்கம் இப்பிடி?"

அடுத்த கிளினிக்கில் மனைவி சொன்னது இதுதான்: "டொக்டர், இப்ப இவர் அழுறேல்லை. நித்திரை கொள்ளுறார். ஆனா ஒரு வேலையும் முடியுதில்லை. இறைக்கப் போட்ட மெசினை விட்டிட்டு ஆரோ கூப்பிட்டதெண்டு போயிடுவார், கிணறு வத்தி மெசின் சூடாகிக் கிடக்கும். கமநல சேவை நிலையத்துக்குக் குடுக்கிற படிவத்தை மூண்டு தரம் துலைச்சுப் போட்டார்."

மருந்தின் அளவைக் கூட்டிவிட்டு வைத்தியர் அடுத்தவரைக் கூப்பிட்டிருக்கலாம். வாசலில் எண்பது பேர் காத்திருக்கும் கிளினிக்கில் அப்படி நடப்பதை நாம் குறை கூறவும் முடியாது. அவர் ஒரு கேள்வி கேட்டார்: "இது வருத்தம் வந்த பிறகு வந்ததோ, முந்தியும் இருந்ததோ? எப்ப தொடக்கம் இப்பிடி?"

மனைவிக்குத் தெரியவில்லை. கலியாணம் செய்த நாளிலிருந்து இப்படித்தான், அதற்கு முந்தி எப்படியோ என்றார். அடுத்த தவணைக்கு அவருடைய தாயாரைக் கூட்டிவரும்படி வைத்தியர் சொன்னார்.

அந்தக் கேள்விக்கு ஏன் அவ்வளவு முக்கியம் என்பதை விளக்க வேண்டும். மனச்சோர்வு வந்தாலே மனம் ஒன்றில் நில்லாது, ஞாபகமும் குறையும். எமது மக்களுக்கு இன்னொன்றும் உண்டு. போரைக் கண்டவரின் மனம் எந்தச் சத்தத்துக்கும் திடுக்கிட்டபடி இருக்கும். மனவடு என்று சொல்லப்படும் இந்த நிலையைப் பற்றி யாழ்ப்பாணத்தில் பல்லாண்டு பணியாற்றிய உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் விரிவாக எழுதியிருக்கிறார். அதிலும் கவனம் சிதறும். செல் வெடித்துத் தலையில் காயப்பட்டவர்களுக்கும், தைரொயிட் குறைந்தவர்களுக்கும், இரத்தச் சோகை உள்ள பெண்களுக்கும், இரவு இரவாகக் கசிப்புக் குடிப்பவர்களுக்கும் கவனம் நில்லாது. ஆகவே, "கவனம் இல்லை" என்ற முறைப்பாட்டை மட்டும் வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது.

இவை எல்லாவற்றுக்கும் ஒரு தொடக்க நாள் உண்டு. அதற்கு முன் அந்த மனிதர் வேறு மாதிரி இருந்திருப்பார். அவதானக் குறைபாடு எனப்படும் நிலைக்கு அப்படியொரு நாள் இல்லை. அது பிள்ளைப் பருவத்திலிருந்தே வருவது. உளமருத்துவர்கள் பயன்படுத்தும் அமெரிக்க வழிகாட்டி நூலின் 2013ஆம் ஆண்டுப் பதிப்பின்படி 12 வயதுக்கு முன்பே அதன் அறிகுறிகள் சில இருந்திருக்க வேண்டும். அதற்கு முந்திய பதிப்பு 7 வயது என்றது.

வேறு நாடுகளில் இதை உறுதிப்படுத்தப் பள்ளிக்கூடத் தேர்ச்சி அறிக்கைகளைக் கொண்டுவரச் சொல்வார்கள். எம்மவரில் எத்தனை பேரிடம் அவை உண்டு? வீடும் போய், பள்ளிக்கூடமும் போய், பெட்டியோடு பிறப்பத்திரமும் போனவர்கள் நாம். மிஞ்சியிருப்பது தாயின் ஞாபகமும் மூத்த சகோதரங்களின் ஞாபகமும்தான். மருத்துவத்துக்கு அதுவே சாட்சி.

தாயார் வந்தார். எழுபத்தைந்து வயதைத் தாண்டியவர். "அம்மா, இவர் ஊரை விட்டு வெளிக்கிட முந்தி, சின்னப்பிள்ளையா இருக்கேக்கை எப்பிடி?" என்று வைத்தியர் கேட்டார். அவர் சிரித்துவிட்டார். "இவனோ? மாட்டை மேய்ச்சலுக்குக் கட்டிப்போட்டு வா எண்டு அனுப்பினால் மாட்டைத் தெருவிலை விட்டிட்டுப் பட்டத்துக்குப் பின்னாலை போயிடுவான். வாத்தியார் இவனை வாங்கிலை இருத்தேலாமல் தன்ரை மேசைக்குப் பக்கத்திலை நிப்பாட்டி வைப்பார். சிலேற்று மாதத்துக்கு ஒண்டு வாங்கவேணும். ஆனா டொக்டர், உடைஞ்ச சைக்கிளைக் குடுத்தால் இருட்டும்வரைக்கும் அசையான்."

1990க்கு முந்திய ஒரு பிள்ளை அந்தச் சிறிய அறைக்குள் வந்து நின்றதுபோல் இருந்தது. போர் செய்தது நிறைய. ஆனால் இதைப் போர் செய்யவில்லை.

சோம்பலும் அல்ல, பாவமும் அல்ல

அந்தச் சைக்கிள் விடயம் கவனிக்க வேண்டியது. அவதானக் குறைபாடு என்றால் அவதானமே இல்லை என்பதல்ல. மனதுக்குப் பிடித்த, உடனே பலன் தெரிகிற வேலையில் இவர்கள் மணிக்கணக்காக அமிழ்ந்துவிடுவார்கள். இந்த மனிதர்கூட ஊரில் எந்த இறைப்பு மெசின் நின்றாலும் திருத்திக் கொடுப்பவர். சலிப்பான, நீண்ட, பல படிகள் கொண்ட வேலையில்தான் மனம் நழுவும். படிவம் நிரப்புவதும், கடன் கட்டும் நாளை நினைவில் வைப்பதும், பன்னிரண்டு பாத்தியையும் ஒரே ஒழுங்கில் முடிப்பதும் அப்படியானவை. "மெசின் திருத்த மட்டும் தெரியும், வீட்டு வேலை தெரியாது" என்று மனைவிமார் கோபிப்பது இதனால்தான். கோபத்தில் நியாயம் உண்டு. ஆனால் அவர் வேண்டுமென்று செய்வதில்லை.

பெண்களில் இது இன்னும் மறைந்து கிடக்கிறது. ஓடித்திரியும் பையன் வாத்தியாரின் கண்ணில் படுவான். யன்னலைப் பார்த்தபடி அமைதியாகக் கனவு காணும் பிள்ளை எவர் கண்ணிலும் படாது. அவளே வளர்ந்து, கணவனையும் இழந்து, தனியாகக் குடும்பத்தை நடத்தும்போது அடுப்பில் வைத்த பால் பொங்கிப் போகும், சீட்டுக் காசு கட்ட மறந்துபோகும், எல்லாவற்றுக்கும் தன்னையே திட்டிக்கொள்வாள். அவள் கிளினிக்குக்கு வருவது மனச்சோர்வுக்காகவே. அடியில் கிடப்பதை எவரும் கேட்பதில்லை.

மனச்சோர்வும் இதுவும் ஒன்றையொன்று இழுத்து வருகின்றன. சிறு வயது முதல் "உருப்படமாட்டாய்" என்று கேட்டு வளர்ந்து, கடனும் ஏச்சும் வாங்கி வாங்கி ஒருவர் ஒருநாள் அதை நம்பிவிடுகிறார். அமெரிக்காவில் நடத்தப்பட்டு 2006இல் வெளியான ஓர் ஆய்வு, வளர்ந்தோரில் 4.4 வீதமானோருக்கு அவதானக் குறைபாடு உண்டென்றும், அவர்களுள் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அதே ஆண்டில் கடும் மனச்சோர்வும் இருந்ததென்றும் கண்டது.

எமது செபக் கூட்டங்களில் சோம்பேறிக்கு நீதிமொழிகளின் எறும்பைக் காட்டிப் போதிப்பது வழக்கம். அது தேவையான இடமும் உண்டு. ஆனால் சூரைச்செடியின் கீழ்ப் படுத்துச் சாவைக் கேட்ட எலியாவுக்கு வானதூதர் போதனை செய்யவில்லை. முதலில் நித்திரை கொள்ளவிட்டு அப்பமும் தண்ணீரும் கொடுத்தார். குளிசை எடுப்பது விசுவாசக் குறைவு என்று எண்ணுகிறவர்கள் அந்தப் பகுதியை ஒருமுறை வாசிக்கலாம்.

இரண்டு மருந்து ஏன்?

புளூஒக்செற்றீன், சேர்ட்ரலீன் போன்ற மனச்சோர்வு மருந்துகள் மூளையில் செரட்டோனின் என்ற பொருளின் மீதே பெரும்பாலும் வேலை செய்கின்றன. அவதானத்தைப் பிடித்து நிறுத்துவதில் டோப்பமின், நோரட்றினலின் ஆகியவற்றுக்கே கூடிய பங்கு. ஆகவே முதல் மருந்து துக்கத்தை நீக்கியும் அவதானம் வராமல் இருந்ததில் வியப்பில்லை. மருந்து தோற்கவில்லை. அது தன் வேலையைச் செய்து முடித்திருந்தது.

அவதானக் குறைபாட்டுக்கு நீண்டகாலமாகப் பயன்படுவது மெதைல்பெனிடேற். 1944இல் சுவிற்சர்லாந்தில் இதை உருவாக்கிய இரசாயனவியலாளர் பனிசோன், தன் மனைவி றீற்றாவின் பெயரிலிருந்தே அதற்கு றீட்டலின் என்று பெயர் வைத்தாராம். பிள்ளைகளுக்கான மருந்தாகவே அது பல காலம் கருதப்பட்டது. வளர்ந்தோருக்கும் இந்தக் குறைபாடு தொடரும் என்பதை மருத்துவ உலகம் ஆராயத் தொடங்கியதே 1970களில்தான். இன்று வளர்ந்தோருக்கும் முதலில் எண்ணப்படும் மருந்துகளில் ஒன்றாக அது இருக்கிறது. அது ஒத்துவராதவர்களுக்கு அற்றொமொக்செற்றீன் என்ற வேறொரு வகையும் உண்டு. அது பலன் தரப் பல கிழமை எடுக்கும்.

இரண்டு நோயும் ஒருவருக்கு இருந்தால் எதை முதலில் பார்ப்பது? எது கூடுதலாக ஆளை வருத்துகிறதோ அதை முதலில் பார்ப்பதே பொதுவான வழக்கம். சாவு நினைவு உள்ளவருக்கு மனச்சோர்வையே முதலில் தணிக்க வேண்டும். மனச்சோர்வு இலேசாக இருந்து, அது நிறைவேறாத வேலைகளால் வந்ததென்று தெரிந்தால், அவதானத்துக்கான மருந்தை முதலில் தொடங்குவதும் உண்டு. இதை உளமருத்துவரே தீர்மானிக்க வேண்டும்.

எமது மனிதருக்கு வைத்தியர் முதலில் இரத்த அழுத்தமும் நாடித் துடிப்பும் நிறையும் பார்த்தார். குடும்பத்தில் இளவயதில் மாரடைப்பால் இறந்தவர் உண்டா என்று கேட்டார். தைரொயிட் பரிசோதனைக்கு இரத்தம் எடுத்தார். இடையிடையே நித்திரையே தேவைப்படாமல், காசை வாரி இறைத்து, அளவுக்கு மிஞ்சிய உற்சாகத்தோடு திரிந்த நாட்கள் உண்டா என்றும் விசாரித்தார். அப்படியிருந்தால் அது வேறு நோய்; மனச்சோர்வு மருந்தை மட்டும் கொடுத்தால் அது கிளம்பிவிடலாம். எல்லாம் சரியென்று கண்டபின், புளூஒக்செற்றீனை நிறுத்தாமல், மெதைல்பெனிடேற் 5 மில்லிகிராம் காலையிலும் மதியத்திலும் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டினார். சாதாரண வகைக் குளிசை மூன்று நான்கு மணித்தியாலமே வேலை செய்யும். பின்னேரம் எடுத்தால் நித்திரை கெடும். பசி குறையலாம், நெஞ்சு படபடக்கலாம். அதனால் காலைச் சாப்பாட்டுக்குப் பின்பே எடுக்கிறார்.

பலன் எப்படியென்று கேட்டோம். கொஞ்சம் யோசித்துவிட்டு, "முந்தி மண்டைக்குள்ளை றேடியோவிலை ரண்டு ஸ்ரேசன் ஒண்டாய்க் கேக்கிறமாதிரி. இப்ப ஒண்டுதான் கேக்குது" என்றார்.

குளிசை பாத்தி கட்டித் தராது என்பதையும் அவரே சொன்னார். மெசின் போட்டால் கைத்தொலைபேசியில் மணி வைக்கிறார். படிவமும் பற்றுச்சீட்டும் சுவரில் தொங்கும் ஒரே பைக்குள் போகின்றன. பக்கத்து வளவு அண்ணருடன் கைமாற்று வேலை பேசி, ஒருநாள் இவருடைய தோட்டம், ஒருநாள் அவருடையது என்று செய்கிறார்கள். பக்கத்தில் ஆள் நின்றால் மனம் நழுவுவது குறைவாம். அடகுவைத்த நகை இன்னும் மீளவில்லை. காணியில் ஒரு துண்டு இன்னும் கம்பி வேலிக்கு அப்பால்தான்.

வீட்டார் அறியவேண்டியவை

மனச்சோர்வு மருந்தை ஆள் சுகமானவுடன் நிறுத்தக்கூடாது. சுகமான பின்னும் குறைந்தது ஆறு மாதமாவது தொடர வேண்டும். நிறுத்தும்போதும் வைத்தியர் சொல்லும்படி படிப்படியாகவே நிறுத்த வேண்டும். 2022 நெருக்கடியில் நாடு முழுவதும் பல மருந்துகளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, கிடைத்ததை ஒருநாள் விட்டு ஒருநாள் எடுத்தவர்களை நாம் கண்டோம். அப்படிச் செய்யாமல், முடிவதற்கு ஒரு கிழமைக்கு முன்பே கிளினிக்குக்குப் போய்ச் சொன்னால் அதற்குப் பதிலான மருந்தைப் பார்க்க வழியுண்டு. மெதைல்பெனிடேற் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட மருந்து. எல்லா மருந்துக்கடையிலும் வாங்க முடியாது. அதைப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கோ, களைத்துப்போன தம்பிக்கோ கொடுக்கக்கூடாது.

எடுக்கும் எல்லா மருந்தையும், நாட்டு மருந்து உட்பட, ஒரு பையில் போட்டு வைத்தியரிடம் காட்டுங்கள். உதாரணமாக, புளூஒக்செற்றீன் எடுப்பவருக்கு அற்றொமொக்செற்றீன் உடம்பில் மெதுவாகவே கழியும். அதனால் அளவு பார்த்துக் கொடுக்க வேண்டும். கர்ப்பமாக இருக்கும் அல்லது பாலூட்டும் தாய்மார் அதை முதலிலேயே சொல்ல வேண்டும். தாம்பத்தியத்தில் குறை வந்தால் வெட்கப்படாமல் சொல்லுங்கள். சில மருந்துகள் அதைச் செய்வதுண்டு, மாற்றலாம்.

குளிசைகளை மனைவியோ, தாயோ, மூத்த பிள்ளையோ பூட்டி வைத்து நாளுக்கு நாள் எடுத்துக் கொடுப்பது நல்லது. அமிற்றிப்ரிலீன், இமிப்பிரமீன் போன்ற பழைய மனச்சோர்வு மருந்துகள் அளவு மிஞ்சினால் இருதயத்தைத் தாக்கும். மருந்து தொடங்கிய முதல் கிழமைகளில், விசேடமாக 25 வயதுக்குக் குறைந்தவர்களைத் தனியே விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தோட்டத்து நஞ்சும் வீட்டுக்குள் வேண்டாம். எமது நாட்டில் 1995 முதல் கொடிய கிருமிநாசினிகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டபின் தற்கொலைச் சாவுகள் பெருமளவு குறைந்தன. அந்தக் கெட்ட நேரம் கடந்துபோகும் வரை கைக்கு எட்டாமல் இருந்தால் ஆள் தப்புகிறார்.

யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையிலும், தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும், வவுனியா, மன்னார், கிளிநொச்சி மாவட்ட வைத்தியசாலைகளிலும் மனநலக் கிளினிக்குகள் உண்டு, காசு இல்லை. கிளினிக் நாளைக் கேட்டறிந்து போகவும். இரவு பகல் எந்நேரமும் பேசுவதற்குத் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கம் இருக்கிறது. போகும்போது சிறுவயதில் ஆளை அறிந்த ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள். வர முடியாவிட்டால் அவர் சொல்வதை ஒரு கொப்பியில் எழுதிக் கொண்டுபோங்கள்.

சென்ற மாதம் அந்த வீட்டுக்குப் போனோம். பன்னிரண்டு பாத்தியிலும் வெங்காயம் நின்றது. நான்காம் பக்க வேலி இன்னும் அடைக்கவில்லை. இளைய மகன், இரண்டாம் வகுப்புப் படிப்பவன், கொப்பியை முற்றத்தில் விரித்தபடி விட்டுவிட்டுக் கிணற்றடியில் ஓணான் துரத்திக்கொண்டிருந்தான். பாட்டி அவனைப் பார்த்தார், பிறகு மகனைப் பார்த்தார். இந்தக் குறைபாடு குடும்பத்தில் தொடர்ந்து வரக்கூடியது என்று வைத்தியர் முன்பே சொல்லியிருந்தார். சுவரில் தொங்கும் பைக்குள் இப்போது இரண்டாவது கிளினிக் கொப்பியும் இருக்கிறது.